அட்ரினல் சுரப்பிக்கு நரம்பு மண்டலம் இடும் கட்டளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன அழுத்தத்தைப் பற்றிய பேச்சில் பழி முழுவதும் அட்ரினல் சுரப்பியின் மேல் விழுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அது எப்போது, எந்த ஹார்மோனை, எந்த அளவில் வெளியிட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நரம்பு மண்டலமே. இந்த உண்மை தெளிவாகப் புரிந்தால், ரத்தப் பரிசோதனை அறிக்கை முதல் ஸ்டீராய்டு மாத்திரை வரை பல விஷயங்களில் உள்ள குழப்பம் நீங்கும் என்பதால், வாசகர்கள் பொதுவாக எழுப்பும் ஐயங்களுக்குச் சற்று விரிவாகவே விடையளிக்கப்பட்டுள்ளது.

அட்ரினல் என்பது ஒரே சுரப்பிதானா?

பார்வைக்கு ஒன்று, உண்மையில் இரண்டு. ஒவ்வொரு சிறுநீரகத்தின் உச்சியிலும் ஏறத்தாழ 4 முதல் 5 கிராம் எடையுள்ள ஓர் அட்ரினல் சுரப்பி அமர்ந்திருக்கிறது. அதன் வெளிப்பகுதியான கார்டெக்ஸ், கொலஸ்டிராலைக் கொண்டு கார்டிசோல், ஆல்டோஸ்டிரோன் முதலிய ஸ்டீராய்டு ஹார்மோன்களைத் தயாரிக்கிறது. உட்பகுதியான மெடுல்லா, டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் தயாரிக்கிறது. கரு வளரும்போது இவ்விரண்டும் வெவ்வேறு திசுக்களிலிருந்து தோன்றி, பின்னரே ஒன்றுசேர்கின்றன. மெடுல்லாவின் செல்கள், பரிவு நரம்பு செல்கள் (ஆபத்து வேளையில் உடலைத் தயார்ப்படுத்தும் நரம்பு செல்கள்) பிறக்கும் அதே நரம்பு முகட்டுத் திசுவிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவை. ஆகவே மெடுல்லாவை நரம்பு மண்டலத்தின் ஓர் அங்கமாகவே கருதலாம். ஹார்மோன் சுரப்பதை மட்டும் வைத்து அதனை நரம்பிலிருந்து பிரித்துப் பார்ப்பது பொருந்தாது.

ஆபத்தைக் கண்டவுடன் அட்ரினலின் எப்படி ஒரு நொடியில் ரத்தத்தில் கலக்கிறது?

கட்டளை நரம்பின் வழியாகவே நேரடியாக வருவதுதான் காரணம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸும் மூளைத்தண்டும் அனுப்பும் சமிக்ஞை, தண்டுவடத்தின் மார்புப் பகுதிக்கு இறங்கி, அங்குள்ள பரிவு நரம்பு செல்களைத் தூண்டுகிறது. அவற்றின் இழைகள் ஸ்பிளாங்க்னிக் நரம்புகளின் வழியே வயிற்றுக்குள் வந்து அட்ரினல் மெடுல்லாவை அடைகின்றன. இதயத்துக்கோ குடலுக்கோ செல்லும் பரிவு நரம்புப் பாதையில் இடையே ஒரு நரம்பு முடிச்சு இருக்கும். முதல் செல் அங்கே நின்றுவிட, இரண்டாவது செல் உறுப்புக்குச் செய்தியைக் கொண்டு செல்லும். அட்ரினலுக்குச் செல்லும் பாதையில் அந்த இரண்டாவது நரம்பு செல் இல்லை. அதன் இடத்தில் இருப்பவை மெடுல்லாவின் குரோமஃபின் செல்களே.

ஒரு குரோமஃபின் செல்லை நெருங்கிப் பார்த்தால் நிகழ்வுகளின் வரிசை தெளிவாகும். நரம்பு முனை அசிடைல்கோலினை வெளியிடுகிறது. அது செல்லின் மேற்பரப்பில் உள்ள நிகோட்டினிக் ஏற்பிகளில் பொருந்தியதும் சோடியம் உள்ளே நுழைந்து செல்லின் மின்னழுத்தம் மாறுகிறது. அந்த மாற்றத்தால் கால்சியம் வாயில்கள் திறந்து, கால்சியம் உள்ளே பாய்கிறது. செல்லுக்குள் ஆயிரக்கணக்கில் காத்திருக்கும் நுண்ணிய பைகளில் ஒரு பகுதி, கால்சியம் வந்ததும் செல் சவ்வோடு ஒட்டித் திறந்து, தம்முள் இருக்கும் அட்ரினலினை வெளியே கொட்டுகின்றன. நரம்பு முனைகள் தம் வேதிப்பொருளை ஓர் உறுப்பின் மேல் மட்டும் தெளிக்கும். இச்செல்களோ ஹார்மோனை ரத்தத்தில் விடுவதால் அது உடல் முழுவதும் பரவுகிறது. மனித மெடுல்லா வெளியிடுவதில் ஏறத்தாழ 80 விழுக்காடு அட்ரினலின்; எஞ்சியதில் பெரும்பகுதி நார்அட்ரினலின். ரத்தத்தில் கலந்த அட்ரினலினில் பாதி இரண்டு மூன்று நிமிடங்களிலேயே அகற்றப்பட்டுவிடுவதால், நரம்பின் தூண்டுதல் நின்றதும் அதன் வேகமும் விரைவில் தணிகிறது.

நரம்புதான் இதைச் செய்கிறது என்பதை எவ்வாறு கண்டறிந்தனர்?

1856ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர் வுல்பியன், ஃபெரிக் குளோரைடு பட்டதும் மெடுல்லா மட்டும் பச்சை நிறமாக மாறுவதைக் கண்டு, அங்கே ஒரு தனித்த வேதிப்பொருள் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1901இல் ஜோகிச்சி தகாமினே அதனைப் படிக வடிவில் பிரித்தெடுத்தார். ஆனால் நம் கேள்விக்கு நேரான விடை, 1911இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன், டி லா பாஸ் என்பவருடன் சேர்ந்து செய்த சோதனையில் கிடைத்தது. அமைதியாக இருக்கும் பூனையின் தொடைச் சிரையில் நுழைத்த மெல்லிய குழாயை, அட்ரினல் சுரப்பியிலிருந்து ரத்தம் வந்து கலக்கும் இடம் வரை செலுத்தி அவர்கள் ரத்தம் எடுத்தனர். பிறகு அப்பூனையின் எதிரே ஒரு நாயைக் குரைக்கவிட்டு மீண்டும் எடுத்தனர். இரண்டு மாதிரிகளிலும் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும் குடல் தசைத் துண்டை வைத்துப் பார்த்தபோது, அமைதியான வேளையில் எடுத்த ரத்தத்தில் அது தொடர்ந்து இயங்கியது. அச்சமுற்ற வேளையில் எடுத்த ரத்தத்திலோ தளர்ந்து நின்றது. அட்ரினலின் குடல் தசையைத் தளரச் செய்யும் என்பது அப்போதே தெரிந்திருந்தது. அளவிடும் கருவி ஏதும் இல்லாத காலத்தில், ஒரு தசைத் துண்டையே அளவுகோலாக வைத்து இத்தகைய விடையைப் பெற்றது வியப்புக்குரியது.

அடுத்த ஆண்டே எலியட் என்ற ஆங்கிலேயர், ஒரு பக்கத்து ஸ்பிளாங்க்னிக் நரம்பை மட்டும் வெட்டிவிட்டால், அச்சத்துக்கு ஆளான பூனையின் அந்தப் பக்கத்துச் சுரப்பியில் ஹார்மோன் இருப்பு குறையாமல் காக்கப்படுவதைக் காட்டினார். அந்த நரம்பு முனை வெளியிடுவது அசிடைல்கோலின் என்பதை 1934இல் ஃபெல்ட்பெர்க்கும் அவருடைய சகாக்களும் நிறுவினர்.

கார்டிசோலையும் நரம்பே நேரடியாகச் சுரக்க வைக்கிறதா?

இல்லை. கார்டெக்ஸுக்கு முதன்மையான கட்டளை ரத்தத்தின் வழியே வருகிறது. எனினும் அந்தக் கட்டளையின் பிறப்பிடம் நரம்பு செல்தான். ஹைபோதலாமஸில் பாராவென்ட்ரிகுலார் உட்கரு என்ற பகுதியில் உள்ள நரம்பு செல்கள், சிஆர்ஹெச் என்ற 41 அமினோ அமிலங்கள் கொண்ட ஹார்மோனை வெளியிடுகின்றன. வாசோபிரசின் என்ற மற்றொரு ஹார்மோன் அதற்குத் துணை நிற்கிறது. இவை ஒரு சிறிய தனி ரத்தநாள வலையின் வழியே கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதியை அடைந்து, ஏசிடிஹெச் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்கின்றன. பொது ரத்த ஓட்டத்தில் கலந்த ஏசிடிஹெச், அட்ரினல் கார்டெக்ஸை அடைந்ததும் கார்டிசோல் உற்பத்தி தொடங்குகிறது.

இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியைக் கண்டுபிடிக்கவே நீண்ட காலம் பிடித்தது. 1955இல் கியேமன், ஷாலி ஆகிய இருவரும் தனித்தனியே அதைத் தேடத் தொடங்கினர். அந்தத் தேடலில் ஹைபோதலாமஸின் வேறு ஹார்மோன்கள் அகப்பட்டு, 1977இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. முதலில் தேடிய பொருள் மட்டும் கிடைக்கவில்லை. கியேமனிடம் பயின்ற வைலி வேல் தம் குழுவினருடன் 1981இல்தான் சிஆர்ஹெச்சின் அமைப்பை வெளியிட்டார்.

கார்டிசோல் ஏன் தாமதமாக உயர்கிறது?

செய்தி மூன்று நிலைகளைக் கடந்து வருவது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், கார்டிசோல் சுரப்பியில் சேமித்து வைக்கப்படுவதில்லை என்பதே. அட்ரினலின், பயணத்துக்கு முன்பே கட்டி வைத்த கட்டுச்சோறு என்றால், கார்டிசோல் ஆள் வந்த பிறகு உலை வைத்துச் சமைப்பது. ஏசிடிஹெச் வந்த பின்னரே கொலஸ்டிரால் மைட்டோகாண்டிரியாவுக்குள் எடுத்துச் செல்லப்பட்டு, படிப்படியாகக் கார்டிசோலாக மாற்றப்படுகிறது. அதனால் அழுத்தம் தொடங்கி ஏறத்தாழ 20 முதல் 30 நிமிடங்களில்தான் ரத்தத்தில் அது உச்சத்தை எட்டுகிறது. அதன் பாதி ஆயுளும், அதாவது ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையும் காலமும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளக்கூடியது. எனவே சண்டை முடிந்து நெஞ்சுப் படபடப்பு அடங்கிய பிறகும் கார்டிசோல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

ரத்த இழப்பும் தேர்வு பயமும் மூளையில் ஒரே வழியில்தான் செல்கின்றனவா?

சேருமிடம் ஒன்று, வழிகள் வேறு. ரத்த அழுத்தம் வீழ்வது, உடலில் தொற்று பரவுவது போன்றவற்றை மூளைத்தண்டு உணர்ந்து, அங்குள்ள நார்அட்ரினலின் செல்களின் வழியே பாராவென்ட்ரிகுலார் உட்கருவுக்கு நேரடியாகத் தெரிவிக்கிறது. இதற்கு நாம் எதையும் உணரவோ சிந்திக்கவோ வேண்டியதில்லை. மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நிலையில் அறுவை சிகிச்சை நடக்கும்போதும் கார்டிசோல் உயர்வது இதனால்தான். கேள்வித்தாளைப் பார்த்ததும் எழும் பயமோ, அமிக்டலா, ஹிப்போகாம்பஸ், முன்மூளைப் புறணி ஆகிய மூளைப் பகுதிகள் முந்தைய அனுபவத்தோடு ஒப்பிட்டு அளித்த தீர்ப்பின் விளைவு. அந்தத் தீர்ப்பு இடைநிலையங்கள் சிலவற்றின் வழியே ஹைபோதலாமஸை வந்தடைகிறது. ஒரே கேள்வித்தாள் ஒரு மாணவருக்கு வியர்வையையும் இன்னொருவருக்கு உற்சாகத்தையும் தருவதற்கு இதுவே காரணம்.

எத்தகைய மன அழுத்தம் கார்டிசோலை மிகுதியாக உயர்த்துகிறது?

ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993இல் வெளியிடப்பட்ட ஒரு சோதனை முறை உலகெங்கும் பயன்பட்டு வருகிறது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்களின் முன் நின்று ஒருவர் பேச வேண்டும். பிறகு பெரிய எண் ஒன்றிலிருந்து குறிப்பிட்ட எண்ணைத் தொடர்ந்து கழித்துக்கொண்டே, விடைகளை உரக்கச் சொல்ல வேண்டும். தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரும்பாலோருக்குக் கார்டிசோல் தெளிவாக உயர்கிறது. 2004இல் டிக்கர்சன், கெமெனி ஆகியோர் 208 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிறர் தம்மை மதிப்பிடுகிறார்கள் என்ற நிலையும், விளைவு தம் கையில் இல்லை என்ற நிலையும் சேரும்போதுதான் உயர்வு மிகுதியாக இருப்பது தெரிந்தது. நம் குழந்தைகளின் மதிப்பெண்களை உறவினர் கூட்டத்தின் நடுவே விசாரிக்கும் வழக்கத்தை இந்த முடிவோடு வைத்துப் பார்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுரப்பு எவ்வாறு நிறுத்தப்படுகிறது?

உயர்ந்த கார்டிசோல் மூளைக்கே திரும்பிச் சென்று, பிட்யூட்டரியையும் ஹைபோதலாமஸையும் அடக்குகிறது. ஹிப்போகாம்பஸில் உள்ள ஏற்பிகளும் இந்த அடக்கத்தில் பங்கேற்கின்றன. அட்ரினலினுக்கு இப்படியொரு நீண்ட சுற்று தேவையில்லை. நரம்பின் தூண்டுதல் குறைந்தாலே போதும்.

கார்டிசோல் பரிசோதனையைக் காலை 8 மணிக்கு வரச் சொல்வது ஏன்?

அட்ரினல் ஆபத்துக்கு மட்டும் பதில் சொல்வதில்லை. மூளையின் கடிகாரத்துக்கும் கட்டுப்படுகிறது. கண்ணிலிருந்து ஒளியின் தகவலைப் பெறும் சுப்ராகயாஸ்மாட்டிக் உட்கரு என்ற அந்தக் கடிகாரம், ஹைபோதலாமஸின் செயல்பாட்டை நாள் முழுவதும் ஏற்றி இறக்குகிறது. கார்டிசோல் விடியலுக்கு முன்பே உயரத் தொடங்கி, கண் விழித்த 30 முதல் 45 நிமிடங்களில் மேலும் ஒரு படி ஏறி, நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவான அளவுக்கு இறங்குகிறது. ஆகவே நேரம் குறிக்கப்படாத கார்டிசோல் அளவுக்குப் பொருள் கூறுவது கடினம். இரவுப் பணி பார்ப்பவர்கள் தங்கள் உறக்க நேரத்தை மருத்துவரிடம் கூறவேண்டும். கடிகாரத்தின் செய்தி ரத்தத்தின் வழியே மட்டுமன்றி ஸ்பிளாங்க்னிக் நரம்பின் வழியாகவும் கார்டெக்ஸை அடைந்து, ஏசிடிஹெச்சுக்கு அது காட்டும் உணர்திறனை மாற்றுகிறது என்பதை எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

அட்ரினலின் வகை ஹார்மோன்களின் சிதைபொருளான மெட்டாநெஃப்ரினை ரத்தத்தில் அளக்கும்போது வேறொரு கவனம் தேவை. எழுந்து நின்றாலே பரிவு நரம்புகள் விழித்துக்கொள்ளும் என்பதால், நோயாளியை 20 முதல் 30 நிமிடங்கள் மல்லாந்து படுக்க வைத்துவிட்டு ரத்தம் எடுப்பதே சரியான முறை. மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு நாற்காலியில் அமர்ந்து கொடுத்த ரத்தத்தில் அளவு கூடுதலாகத் தெரிந்தால், உடனே மெடுல்லாவில் தோன்றும் கட்டியை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. முறைப்படி மீண்டும் எடுக்கச் சொல்லலாம்.

கார்டெக்ஸும் மெடுல்லாவும் ஒன்றையொன்று பாதிக்கின்றனவா?

ஆம். நார்அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் பிஎன்எம்டி என்ற நொதி, கார்டிசோலின் செறிவு மிகுந்த சூழலில்தான் நன்கு உருவாகிறது. கார்டெக்ஸைக் கடந்து மெடுல்லாவுக்கு வரும் ரத்தம் அந்தச் செறிவைத் தருகிறது.

பச்சிளங் குழந்தையிலும் நரம்பின் கட்டளைப்படியே சுரப்பு நிகழ்கிறதா?

இங்கே ஓர் அழகான விதிவிலக்கு உள்ளது. பிறக்கும் தறுவாயில் மெடுல்லாவுக்குச் செல்லும் நரம்பு முழு முதிர்ச்சி அடைந்திருப்பதில்லை. பிரசவ வலியின்போது ஆக்சிஜன் குறைவதை குரோமஃபின் செல்கள் தாமே உணர்ந்து, மிகப் பெரிய அளவில் ஹார்மோனை வெளியிடுகின்றன. நுரையீரலில் நிறைந்திருக்கும் திரவம் உறிஞ்சப்பட்டு, குழந்தை முதல் மூச்சை எடுப்பதற்கு அது துணைபுரிகிறது. எலி, செம்மறியாடு ஆகியவற்றில் செய்த ஆய்வுகளின்படி, நரம்பு முதிர்ந்து பொறுப்பேற்றுக்கொண்டதும் செல்களின் இந்தத் தனித்திறன் மங்கிவிடுகிறது.

நீரிழிவு உள்ளவர்கள் இதில் அறிய வேண்டியது என்ன?

ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது மூளை அதை உணர்ந்து அட்ரினலைத் தூண்டுகிறது. கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, பசி ஆகிய எச்சரிக்கைகள் இந்தப் பரிவு நரம்புத் தூண்டுதலால் எழுபவை. இன்சுலின் போடுபவருக்கு அடிக்கடி தாழ்சர்க்கரை ஏற்பட்டால், மூளை அந்தக் குறைந்த அளவுக்கே பழகிவிடுகிறது. அதன் கட்டளை தாமதமாகவும் வலுவின்றியும் வருகிறது. முன்பு நடுக்கத்தைக் கண்டு சர்க்கரைத் தண்ணீர் குடித்தவர், இப்போது எந்த அறிகுறியும் இல்லாமல் நேரே குழப்ப நிலைக்கோ மயக்கத்துக்கோ போய்விடலாம். சில வாரங்கள் தாழ்சர்க்கரை ஏற்படாமல் கவனமாகப் பார்த்துக்கொண்டால் எச்சரிக்கை உணர்வு பலருக்குத் திரும்புகிறது. எனவே இதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறவேண்டும்.

ரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா தடுப்பு மாத்திரை உட்கொள்வோருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடலாம். ஆனால் வியர்வைச் சுரப்பியை இயக்கும் நரம்பு அசிடைல்கோலினைப் பயன்படுத்துவதால் வியர்வை மட்டும் மறைவதில்லை. காரணமின்றி திடீரென உடல் வியர்த்தால் அவர்கள் உடனே சர்க்கரையை அளந்து பார்ப்பது நல்லது.

தண்டுவடத்தில் அடிபட்டால் இந்தத் தொடர்பு என்னவாகும்?

கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முற்றிலும் துண்டிக்கப்பட்டால், மூளையின் கட்டளை மார்புப் பகுதிக்கு இறங்க முடியாது. அத்தகையோருக்குத் தாழ்சர்க்கரையின்போதும் அட்ரினலின் போதிய அளவு உயர்வதில்லை. ரத்தத்தின் வழியே செல்லும் ஏசிடிஹெச்சுக்கு எந்தத் தடையும் இல்லாததால் கார்டெக்ஸின் பாதை திறந்தே இருக்கிறது. வேறோர் ஆபத்தும் உண்டு: ஆறாவது மார்பு முதுகெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்தாலோ மலச்சிக்கல் ஏற்பட்டாலோ, மூளையின் கட்டுப்பாடு இல்லாத பரிவு நரம்புகள் கட்டுக்கடங்காமல் தூண்டப்பட்டு ரத்த அழுத்தம் அபாயகரமாக உயரக்கூடும். வீட்டில் பராமரிப்போர், திடீர்த் தலைவலியும் முகச் சிவப்பும் கண்டால், உடனே நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறுநீர்க் குழாய் அடைபட்டுள்ளதா என்று பார்த்து, மருத்துவ உதவியை நாட வேண்டும்.

இரண்டு அட்ரினல் சுரப்பிகளையும் அகற்றினால் உயிர் வாழ முடியுமா?

முடியும், ஆனால் கார்டிசோலுக்கும் ஆல்டோஸ்டிரோனுக்கும் மாற்றான மாத்திரைகளை வாழ்நாள் முழுவதும் எடுக்கவேண்டும். அட்ரினலினுக்கு மாற்று மருந்து தரப்படுவதில்லை. உடலெங்கும் பரவியுள்ள பரிவு நரம்பு முனைகள் வெளியிடும் நார்அட்ரினலினே இதயத்தையும் ரத்தநாளங்களையும் கவனித்துக்கொள்கிறது.

ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பது ஏன்?

வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டையும் தன் கார்டிசோலையும் மூளை வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. மூட்டுவலிக்கோ ஆஸ்துமாவுக்கோ வாரக்கணக்கில் மாத்திரை உட்கொள்ளும்போது, போதுமான கார்டிசோல் இருப்பதாகக் கருதி ஹைபோதலாமஸும் பிட்யூட்டரியும் ஓய்வெடுக்கின்றன. ஏசிடிஹெச் இல்லாமல் கார்டெக்ஸும் சுருங்குகிறது. அந்நிலையில் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால், காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வரும்போது உடலால் கார்டிசோலை உயர்த்த இயலாமல் ரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மருந்துக் கடையில் சீட்டின்றி வாங்கிய வலிமருந்துப் பொட்டலத்திலோ, பெயரும் உட்பொருளும் எழுதப்படாத பொடியிலோ ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். எதை உட்கொண்டோம் என்பதே தெரியாத நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பது மிகவும் கடினம் என்பதால், இத்தகைய மருந்துகளைத் தவிர்க்குமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

"அட்ரினல் சோர்வு" என்று கூறி விற்கப்படும் மருந்துகள் பயன் தருமா?

நீண்ட கால மன அழுத்தத்தால் அட்ரினல் களைத்துப் போய்ச் சுரப்பதை நிறுத்திவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஹார்மோன் மருத்துவ அமைப்புகள் இப்பெயரில் ஒரு நோய் இருப்பதாக ஏற்பதில்லை. ஆடிசன் நோய் என்பது இதிலிருந்து முற்றிலும் வேறானது. அதில் கார்டெக்ஸ் உண்மையாகவே சேதமடைகிறது. தோல் கருமை, எடைக் குறைவு, தாழ் ரத்த அழுத்தம், உப்பின் மேல் ஏக்கம் ஆகியவை தோன்றும். பரிசோதனையில் உறுதிசெய்து சிகிச்சை பெறலாம். ஒரு காலத்தில் உயிர்க்கொல்லியாக இருந்த அந்நோய்க்கு இன்று மாத்திரை கிடைக்கிறது. தீராத சோர்வுக்கு ரத்தசோகை, தைராய்டுக் குறைபாடு, உறக்கக் கோளாறு, மனச்சோர்வு எனப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றைத் தேடாமல் பொடி வாங்கி உண்பது காலத்தை வீணாக்கும்.

மனப் பயிற்சியால் இந்தச் சுரப்பைக் குறைக்க முடியுமா?

பெருமூளைக்கும் அட்ரினலுக்கும் இடையே உண்மையான நரம்பு இணைப்பு உண்டு. 2016இல் பீட்டர் ஸ்டிரிக்கும் அவருடைய குழுவினரும், நரம்புக்கு நரம்பு தாவிச் செல்லும் இயல்புடைய ரேபிஸ் வைரஸைக் குரங்கின் அட்ரினல் மெடுல்லாவில் செலுத்தி, அது மூளையில் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்று தேடினர். அசைவுகளை ஆளும் பகுதிகளிலும், உணர்ச்சியோடும் முடிவெடுத்தலோடும் தொடர்புடைய முன்மூளையின் உட்பகுதிகளிலும் அது காணப்பட்டது. உடற்பயிற்சியும் எண்ணமும் அட்ரினலைத் தொடுவதற்கான பாதை இவ்வாறு கண்ணுக்குத் தெரியும்படி வரையப்பட்டது.

மெதுவாக மூச்சுவிடும்போது, குறிப்பாக மூச்சை வெளியிடும் நேரத்தை நீட்டும்போது, வேகஸ் நரம்பின் செயல் கூடி இதயத் துடிப்பு சில நொடிகளிலேயே குறைவதை நாடியைப் பிடித்துப் பார்த்தே அறியலாம். கார்டிசோலின் மேல் அதன் தாக்கம் இவ்வளவு வெளிப்படையானதன்று. ஆளுக்கு ஆள், சூழலுக்குச் சூழல் அது வேறுபடுகிறது. எனவே பயிற்சியைக் கைவிடாமல் செய்யலாம். ஆனால் ரத்த அழுத்தத்துக்கோ நீரிழிவுக்கோ எழுதிக் கொடுத்த மருந்தை அதற்காக நிறுத்தக் கூடாது. திடீர்த் தலைவலி, வியர்வை, படபடப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து விட்டுவிட்டு வந்து, அவ்வேளைகளில் ரத்த அழுத்தமும் மிக உயர்ந்தால், அதைப் பதற்றம் என்று ஒதுக்காமல் மெட்டாநெஃப்ரின் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மெடுல்லாவில் தோன்றும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற அரிய கட்டி, நரம்பின் கட்டளைக்குக் காத்திராமல் தானாகவே ஹார்மோனை வெளியிடக்கூடியது. உரிய முன்னேற்பாட்டுடன் அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலோருக்கு அது குணமாகிவிடும்.